ஹோஸ் அக்காவின் ஐமிச்சம்

கடைக்கு வருகிறவரின் முகத்தை அவர் முதலில் பார்க்கமாட்டார். கையில் கொண்டுவந்ததைத்தான் பார்ப்பார். வெடித்த ஹோஸை வாங்கி, வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்துவிட்டுக் கேட்பார்.

"எப்ப வெடிச்சது?"

"இண்டைக்குக் காலமை அக்கா. திடீரெண்டு."

ஹோஸை அளவெடுப்பார். "வெடிக்கேக்க மெசின் வயலுக்க நிண்டதோ, றோட்டிலயோ?" என்று இரண்டாவது கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லியாகிவிடும். மூன்றாவது கேள்வியை, இரும்புப் பூண்கள் கிடக்கும் தகர டப்பாவைக் கிண்டிக்கொண்டு, வேறு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்பார்.

"அப்ப நேற்று முழுக்க ஒழுக ஒழுகத்தான் வெட்டினனீங்கள், என்ன?"

"ஓம்" என்று சொன்ன பிறகுதான் வந்தவர் நாக்கைக் கடிப்பார்.

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உள்ளே போகும் வீதியில் அந்தக் கடை இருந்தது. நெல்லு வெட்டும் இயந்திரம், உழவு இயந்திரம், மண் கிண்டும் பெக்கோ எல்லாவற்றுக்கும் ஒயில் ஓடுகிற தடித்த ஹோஸ்களை அளவாக வெட்டி, இரண்டு முனையிலும் பூண் வைத்து மெசினால் நசுக்கிக் கொடுப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். பாவாடைச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு ஆண்பிள்ளைச் சேர்ட். ஊருக்கு அவர் ஹோஸ் அக்கா. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஏன் எழுதினாய், யார் எழுதச் சொன்னது என்று எங்கிருந்தாவது கேட்டு அனுப்புவார்.

கடைச் சுவரில் ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. ஒவ்வொரு ஆணியிலும் பெருவிரல் நீளத்துக்கு வெட்டிய ஹோஸ் துண்டுகள் தொங்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மட்டைச் சீட்டு, சீட்டில் வாகன நம்பர், திகதி. யாருக்கு ஹோஸ் அடித்தாலும் அதே சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி நம்பரோடு தொங்கவிடுவார். துணுக்காயில் ஒரு வயலில் ஹோஸ் வெடித்து, கொதி ஒயில் ஒருவரின் கையில் பட்டுத் தோல் உரிந்ததாம். மெசின்காரன், கடைக்காரி பழைய ஹோஸை விற்றுவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னானாம். இவரிடம் மறுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு போகம் முழுக்க ஒருவரும் கடைக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆணிகள் வந்தன என்று கடைகளில் கதைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் நான் நேரே கேட்டேன். "அதாலதானோ அக்கா நீங்கள் ஒருதரையும் நம்பிறதில்லை?"

"அதுக்கு முதலும் நான் இப்பிடித்தான்," என்றார்.

முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு மீன்காரர் ஒருவர் வருவார். அவரிடம் மீன் வாங்குவதை நின்று பார்க்கவேண்டும். செவுளை விரித்துப் பார்ப்பார். கண்ணை அமுக்கிப் பார்ப்பார். வள்ளம் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்று கேட்பார். மீனை நிறுத்துக் கொடுக்கும்போது, "இண்டைக்குக் கடல் சரியில்லை, வள்ளம் ஒண்டும் போகேல்லை எண்டு சொல்லிச்சினம்" என்று ஒன்றை எடுத்துவிடுவார். அப்படி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மீன்காரர் ஒருநாள் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நீங்கள் மீனை வேண்டுறீங்களோ, என்னை விசாரிக்கிறீங்களோ?"

"ரெண்டும்தான்."

அவருடைய கணவர் வயல் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பின்னேரங்களில் தேத்தண்ணிப் போத்தலோடு வருவார். "கலியாணம் கட்டி இருவது வரியமாகுது தம்பி, நான் இன்னும் பரிசோதனையிலதான் நிக்கிறன்" என்று ஒருமுறை சிரித்தபடி சொன்னார். இன்னொரு நாள் அவரே சிரிக்காமல் ஒன்றைச் சொன்னார். வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனதாம். வந்து நின்ற தன் சொந்தத் தங்கச்சியிடமே அக்கா அதே மாதிரி மூன்று கேள்விகளைக் கேட்டாராம். நாலாம் நாள் மோதிரம் அரிசி வாளிக்குள் கிடந்தது. தங்கச்சி அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

நான் சோலார் பம்ப் பூட்டுகிறவன். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் தோட்டக் கிணறுகளுக்குப் பனல் போட்டுத் தண்ணீர் இறைக்க வைப்பது என் தொழில். வேலைக்கு மோட்டார் சைக்கிள். கார் என்பது என் பைத்தியம். டேர்போ பூட்டிய பழைய ஜப்பான் கார் ஒன்றை, ஓடாமல் கிடந்த நிலையில் வாங்கி, மூன்று வருடமாகத் திருத்தினேன். கூட நின்றவன் சுதன். மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருந்தான். சண்டை முடிந்து இருந்த அகதி முகாமில் பக்கத்துக் கூடாரம். ஒரே வகுப்பு. என் வீட்டு நாய் கூட அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. தெற்கில் நடக்கும் வேக ஓட்டப் போட்டி ஒன்றில் வன்னியிலிருந்து ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் இருவரின் ஆசை.

காருக்கு ஒரு குறை இருந்தது. மத்தியான வெயிலில் மாங்குளம் தாண்டி அக்சிலேற்றரை நன்றாக அமத்தினால் ஒயில் சூடு நூற்றி முப்பதுக்கு ஏறும். அந்தச் சூட்டில் ஒயில் தண்ணீராகிவிடும். எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது அந்த ஒயில்தான். அதனால் ஒயில் கூலர் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தோம். எஞ்சினிலிருந்து ஒயிலை ஹோஸ் வழியாக முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேற்றருக்குக் கொண்டுவந்து, காற்றில் ஆறவைத்து, திருப்பி அனுப்புகிற சாமான் அது. தகடுகளை வரிவரியாக அடுக்கிச் செய்திருப்பார்கள்.

சுதன் கொழும்பிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். இருபத்தைந்து வரி. பார்க்கப் பெரிதாக, கறுப்பாக, வடிவாக இருந்தது. "பெட்டி பிரிக்காத புதுசு மச்சான்" என்றான். ஹோஸ் அடிக்க இருவரும் அக்காவிடம் போனோம்.

அவர் கூலரைக் கையில் வாங்கினார். வாயில் பூட்டியிருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, மரையை நகத்தால் தடவினார்.

"இது எங்க வேண்டினது?"

"கொழும்பில அக்கா. பெட்டி பிரிக்காத புதுசு," என்றான் சுதன்.

"புதுசுக்கு மரையில ஏன் ஸ்பானர்ச் சாவி பட்ட அடையாளம்?"

"கடையில பூட்டிப் பாத்திருப்பாங்கள்."

அக்கா உள்ளே போய் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார். கூலருக்குள் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, துணியில் கவிழ்த்தார். மண்ணெண்ணெய் பரவியது. அதன் நடுவில் நாலைந்து உலோகப் பொட்டுகள் மினுங்கின.

"உது தொழிற்சாலைத் தூள்," என்றான் சுதன்.

"பெட்டி எங்க?"

"எறிஞ்சிட்டன்."

"பிரிக்காத பெட்டி எண்டு இப்பத்தானே தம்பி சொன்னனீர்?"

சுதன் முகம் சிவந்துபோனான். அக்கா கூலரை என் பக்கம் தள்ளினார். அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "இது எஞ்சின் உடைஞ்ச கார் ஒண்டில இருந்து கழட்டினது. உடைஞ்ச எஞ்சின்ர தூள் எல்லாம் இதுக்குள்ளதான் வந்து அடையும். எத்தினைதரம் கழுவினாலும் முழுக்கப் போகாது. இதுக்கு நான் ஹோஸ் அடிக்கமாட்டன்."

"உங்களிட்ட விக்கிறதுக்குக் கூலர் இருக்குதோ?" என்று சுதன் கேட்டான்.

"இருக்கு."

"அப்ப சரி. விளங்குது," என்றான் அவன்.

திரும்பி வரும்போது சுதன் நிறையப் பேசினான். அவா தன் சாமானை விற்கத்தான் இந்த நாடகம் ஆடுகிறா என்றான். ஊரில் அவாவைப் பற்றி இருக்கும் கதையையும் சொன்னான். எல்லா வாகனத்தின் நம்பரையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாவே, அதை யாருக்குக் குடுக்கிறா? சிவில் உடுப்பில் ஆட்கள் அவாவின் கடைக்கு வந்துபோவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் உளவு சொல்கிறவர் என்ற சொல்லை ஒருவர்மேல் எறிந்துவிட்டால் அது லேசில் கழன்று விழாது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. நான் மட்டைச் சீட்டுகளை நினைத்தேன். என் காரின் நம்பரையும் அவர் அன்றைக்குப் பார்த்திருந்தார்.

வவுனியாவில் முன்பின் தெரியாத ஒரு கராஜில் அந்தப் பெரிய கூலரையே பூட்டினோம். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்த வெள்ளைத் துணி என்னை விடவில்லை. பத்து நாள் ஓடினேன். பதினோராம் நாள், சுதனுக்குச் சொல்லாமல் ஒயில் பில்டரைக் கழற்றி, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி விரித்தேன். மடிப்பு மடிப்பாக இருந்த கடதாசிக்குள், மினுக்கம் பூசியதுபோல உலோகத் தூள். மூன்று வருட உழைப்பு.

அப்போது நான் செய்ததுதான் பிழை. சுதனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் அந்தப் பில்டரைப் படம் எடுத்து, கார்ப் பைத்தியங்கள் நாற்பது பேர் இருக்கும் வட்சப் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: "சுதன் தந்த பெட்டி பிரிக்காத புதுசு." சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. இனி என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவர் கேட்டார். கழுவிப்போட்டு அதையே பாவிக்கப் போகிறேன் என்று வீறாப்பாக எழுதினேன். அன்று பின்னேரம் சுதன் குழுவை விட்டு வெளியேறினான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

வெட்டிய பில்டரைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் விரித்துப் பார்த்தார். நான் சொன்னனான்தானே என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை.

"நல்ல காலம். ஒயில் கூலருக்கால வந்து பில்டருக்குள்ள போய்த்தான் எஞ்சினுக்குப் போகுது. பில்டர் பிடிச்சு வைச்சிருக்கு," என்றார். பிறகு, "பத்து நாள் எண்டு சொல்லுறீர். எவ்வளவு தூரம் ஓடினனீர்?"

"அறுநூறு கிலோமீற்றர் வரும்."

"வேகமா ஓடினனீரோ?"

"இல்லை அக்கா. மெதுவாத்தான்."

"மெதுவா ஓடுற ஆளுக்கு ஒயில் கூலர் என்னத்துக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எந்தக் கூலர் என்று தெரிவு செய்ய அவருக்கு அரைநாள் எடுத்தது. எவ்வளவு நேரம் தொடர்ந்து அமத்துவேன், சூடு எங்கே ஏறுகிறது, சந்தையடியில் நிற்கும்போது எவ்வளவு காட்டும், மாரியில் காலையில் எவ்வளவு என்று கேட்டார். என் பதில்களை நம்பாமல், காரில் பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து, பரந்தன் வரைக்கும் போய்த் திரும்பி வரச்சொன்னார். போகவரக் கண்ணை மீற்றரை விட்டு எடுக்கவில்லை. வந்து இறங்கியதும் பதின்மூன்று வரிக் கூலர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"சின்னனாக் கிடக்கு," என்றேன்.

"பெரிசு வைச்சா ஒயில் சூடேறவே ஏறாது. தடிச்ச ஒயிலோட ஓடினாலும் எஞ்சின் தேயும். பின்னால நிக்கிற ரேடியேற்றருக்கும் காத்தை மறிக்கும். வடிவுக்கெண்டா அந்தப் பெரிசைக் கொண்டுபோய்ச் சுவரில கொழுவும்."

பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் ஒரு தட்டையும் தந்தார். அதற்குள் தேர்மோஸ்டாட் இருந்தது. ஒயில் சூடேறும் வரை கூலருக்குப் போகும் வழியை அது அடைத்து வைத்திருக்கும். மரை என் எஞ்சினுக்குச் சரிதான் என்று நான் சொன்னேன். அவர் பில்டரைத் தட்டில் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

பூட்டியது நான். பார்த்து நின்றது அவர். ஹோஸ் வெட்ட முதல் ஒரு வயர்த் துண்டை வளைத்து வழி பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லி, சக்கரம் வந்து முட்டுமா என்று குனிந்து பார்த்தார். கூலரின் வாய்கள் மேலே பார்க்கவேண்டும், கீழே வைத்தால் காற்று உள்ளே அடைபடும் என்று கழற்றித் திருப்பிப் பூட்ட வைத்தார். தகட்டு விளிம்பு ஹோஸை அறுக்காமல் ரப்பர் சுற்ற வைத்தார். பூட்டி முடிந்ததும் பெற்றோல் பம்பின் பியூசைக் கழற்றிவிட்டு, ஒயில் வெளிச்சம் அணையும்வரை எஞ்சினைச் சும்மா சுற்ற வைத்தார். பிறகுதான் இயக்கவிட்டார். கீழே கடதாசி விரித்தோம்.

"ஒழுகுதோ?"

"இல்லை அக்கா."

அவர் கார்ட்போட் மட்டை ஒன்றைப் போட்டு, சேர்ட்டோடு காருக்குக் கீழே போய், ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். நிறுத்தி, ஒயில் அளவு பார்த்து, கூலருக்குள் போன அளவை நிரப்பினார். கடைசியாக ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, என் நம்பரை எழுதி ஆணியில் மாட்டினார். எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை.

கூலரை மாற்றியதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. குழுவில் வீறாப்புப் பேசிவிட்டு மறுபடி அக்காவிடம் போய் நின்றதைச் சொல்ல மனம் வரவில்லை. மத்தியான வெயிலிலும் ஒயில் நூற்றைத் தாண்டவில்லை. அது போதும் என்றிருந்தது.

போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது. ஓட்டிப் பார்ப்பதற்காக அன்றைக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போய், ஒட்டுசுட்டானில் ஒரு பனல் வேலை முடித்துக் காரில் வந்துகொண்டிருந்தேன். வீதிச் சோதனையில் பொலிஸார் மறித்தார்கள். வழமையாக அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போகவிடுவார்கள். அன்றைக்கு ஒருவர் நேரே காரின் முன்பக்கம் போய்க் குந்தினார்.

"இதுக்குள்ள என்ன?"

"ஒயில் கூலர் சேர்."

"கழட்டுங்க."

கஞ்சா என்றார்கள். கடற்கரையிலிருந்து கஞ்சா ஏற்ற நான் காரை மாற்றி அமைத்திருக்கிறேன் என்று பெட்டிசம் வந்திருந்தது. பெயர் இல்லாத கடிதம். தமிழ் தெரிந்த ஒருவர் அதை வாசித்துக் காட்டினார். என் பெயர், வீட்டு விலாசம், கார் நம்பர், எல்லாம் சரி. "முன் பம்பருக்குப் பின்னால் இருபத்தைந்து வரிக் கூலர் ஒன்று பூட்டப்பட்டுள்ளது. அது வெறும் பெட்டி. அதற்குள்தான் சாமான்." அறுத்துப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதித்தேன். அறுத்தார்கள். ஒயில்தான் கொட்டியது. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. கடிதம் வந்தால் பார்க்கத்தானே வேண்டும். கார் பதினொரு நாள் அங்கே நின்றது. போட்டி போய்விட்டது. துணுக்காயில் பம்ப் வேலைக்கு முற்பணம் தர இருந்த ஒருவர், பேந்து பார்ப்போம் என்றார். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினா.

எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் கார் நம்பரை எழுதி மாட்டி வைத்திருப்பவர். சிவில் உடுப்புக்காரர் வந்துபோகும் கடைக்காரி.

நான் போனபோது கடையின் தகரக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். அக்கா மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு முதற்தரமாக என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"நீர் ஏன் என்ர பேரைச் சொன்னனீர்?" என்றார்.

நான் கேட்க வந்ததை அவர் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் சொல்லேல்லை. நீங்கள்தானே என்ர நம்பரைக் குடுத்தனீங்கள்?"

"இஞ்ச ரெண்டு பேர் வந்தவை. உம்மட காருக்கு ஹோஸ் அடிச்சனானோ எண்டு கேட்டவை. சுவரில இருந்த சீட்டெல்லாத்தையும் படம் எடுத்துக்கொண்டு போட்டினம். இனி எந்த மெசின்காரன் இஞ்ச வருவான்? நீர் என்னை மாட்டி விட்டிட்டீர்."

"எனக்குப் பதினொரு நாள் கார் இல்லை அக்கா. ஹோஸ் எண்டா ஆரும் உங்களிட்டத்தானே வருவினம். நான் ஏன் உங்களை மாட்டவேணும்?"

"நான் ஏன் உம்மை மாட்டவேணும்?"

வெளியே நெல்லு ஏற்றிய லொறி ஒன்று போனது. அது போய்ச் சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"அந்தக் கடிதத்தில என்ன எழுதியிருந்தது? உள்ளபடி சொல்லும்."

சொன்னேன். அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு கூலரைப் பற்றிய இடத்தை மட்டும் மூன்றாம் முறை கேட்டார்.

"இருபத்தைஞ்சு வரியெண்டே இருந்தது? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"ஓம். வாசிச்சுக் காட்டினவை."

"உம்மட காரில எத்தினை வரி?"

"பதின்…" என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அறுத்தது பதின்மூன்று வரிக் கூலர். கடிதத்தில் இருந்தது, மூன்று மாதத்துக்கு முதல் கழற்றி எறிந்தது. எழுதியவருக்கு அது மாற்றப்பட்டது தெரியாது. அக்காவுக்குத் தெரியும், பூட்ட நின்றவர் அவர்தான். நானும் அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

"எத்தினை வரி எண்டு குழுவில எழுதினனீரோ?"

"இல்லை. பில்டரைத்தான் படம் போட்டனான்."

"வவுனியாக்காரனுக்கு உம்மட வீட்டு விலாசம் தெரியுமோ?"

"என்ர பேரே தெரியாது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுதன். முகாமில் தண்ணீர் வரிசையில் எனக்கும் சேர்த்து வாளி வைத்தவன்.

"இது சாட்சி இல்லைத் தம்பி," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "ஐமிச்சம் மட்டும்தான். இதை வைச்சுக்கொண்டு போய் ஒருதரோடயும் சண்டை பிடியாதையும்."

"நீங்கள் ஐமிச்சத்தை வைச்சுத்தானே எல்லாம் செய்யிறீங்கள்?"

"அதுதான் சொல்லுறன்," என்றார்.

நான் சுதனிடம் போகவில்லை. அவன்தான் வந்தான். கார் வீட்டுக்கு வந்த அடுத்த நாள், கையில் சாவிப் பெட்டியோடு படலையைத் திறந்தான். நாய் குரைக்கவில்லை.

"கேள்விப்பட்டன் மச்சான். எல்லாத்தையும் கழட்டிப் போட்டாங்களாம். வா, ரெண்டு பேருமாப் பூட்டுவம்."

மூன்று மாதத்துக்கு மேல் பேசாதவன் நேற்றுத்தான் போனவன்போலப் பேசினான். எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. அக்கா பிழை, கணக்கு எங்கோ தப்பிவிட்டது, நாற்பது பேரில் யாரோ ஒருவன் என்று நம்பிவிட வேண்டும்போல இருந்தது. சுதன் பம்பரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தான். குனிந்தான். நிலத்தில் இரண்டு பாதியாகக் கிடந்த கூலரை எடுத்துத் திருப்பினான். அவன் விரல் தகடுகளை எண்ணுவதை நான் பார்த்தேன்.

"இது அது இல்லையே," என்றான். "எப்ப மாத்தினனீ?"

"நீ குழுவை விட்டுப் போன அதே கிழமை."

அவன் நிமிரவில்லை. கூலர்ப் பாதியைக் கையில் வைத்தபடி சக்கரத்தில் சாய்ந்து மண்ணில் இருந்துவிட்டான். அம்மா உள்ளேயிருந்து, "சுதனே வந்திருக்கிறான்? தேத்தண்ணி குடிக்கிறானோ எண்டு கேள்," என்றா.

கூலர்ப் பாதியை நிலத்தில் வைத்துவிட்டு அவன் சொன்னான். "நீ அந்தப் படத்தைப் போட்டிருக்கத் தேவையில்லை."

"ஓம்," என்றேன். "போட்டிருக்கக் கூடாது."

"அதை எனக்கு வித்தவனும் புதுசு எண்டுதான் சொன்னவன். பிறகு தெரிஞ்சுது. அவாவின்ர கடையில வைச்சு, உனக்கு முன்னால, எப்பிடிச் சொல்லுறது?"

அது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. அவன் எழுந்து, கழற்றிய ஆணிகளைப் பொறுக்கி ஒரு மூடிக்குள் போட்டு வைத்துவிட்டு, சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இப்போதும் கலியாண வீடுகளில் காண்போம். மழை பற்றிப் பேசுவோம்.

அடுத்த வருடம் ஹோஸ் அக்காவும் கணவரும் கடையை மூடிவிட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். சீட்டுகளைப் படம் எடுத்துப்போன கதை பரவியபிறகு மெசின்காரர்கள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. ஆனால் நான் நினைத்துக்கொள்வது, சுதன் வந்துபோன மறுநாள் நான் அங்கே போனதைத்தான்.

கடையில் வேறு ஒருவரும் இல்லை. அவர் பூண் ஒன்றை மெசினில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சொன்னது சரி அக்கா," என்றேன்.

மெசினை நிறுத்தினார்.

"அவரே சொன்னவரோ?"

நடந்ததைச் சொன்னேன். படத்தைப் பற்றி அவன் சொன்னதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் பழந்துணி ஒன்றை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவர் முகத்தில் வென்ற ஆளின் களை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நோய்க்காரரின் வீட்டிலிருந்து வந்தவர்போல இருந்தார்.

"நான் சொன்னது பிழையாப் போயிட வேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார். "ஒருதரும் நம்பாயினம். ஆனா ஒவ்வொருதரமும் அப்பிடித்தான் நினைக்கிறனான்."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரும்" என்றார். நான் இருந்தேன். அவரும் எதிரில் இருந்தார். கணவர் தேத்தண்ணி கொண்டுவரும்வரை அவர் எழும்பி மெசினடிக்குப் போகவில்லை.